தேனீச் சங்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம்

என் வீட்டுக்காரர் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். ஒரு மெஷினைக் கழற்றினால் ஒவ்வொரு திருகையும் துடைத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, அதனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் திரும்ப மாட்டுவார். பேச்சும் அதே வேகம்தான். "அது வந்து" என்று ஆரம்பிப்பார். வந்துவிட்டதா என்று பார்த்தால் இன்னும் வந்திருக்காது. நானோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள். மருந்துக் கடையில் கல்லாவுக்கும் அலமாரிக்கும் ஓடி ஓடிப் பழகிய உடம்பு. அவர் "அது வந்து" என்றதுமே மீதியை நானே சொல்லி, அதற்குப் பதிலையும் நானே சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விடுவேன். மகள் வேலைக்காக வெளியூர் கிளம்பியபோது, "அப்பாவப் பேச விடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். யார் வேண்டாம் என்றது? காலையில் ஆரம்பித்தால் ராத்திரிக்குள் முடிக்கலாமே.

இந்த மனுஷர் வீட்டுக்குத்தான் தேனீக்கள் வந்தன. பால்கனி மூலையில் கிடந்த பழைய தையல் மெஷின் பெட்டிக்குள் ஒரு மத்தியானம் கூட்டமாக நுழைந்து குடியேறிவிட்டன. வாடகைக்கு விடுகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து இவர் கடையை மூடிவிட்டு வந்ததும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு எதிரே உட்கார ஆரம்பித்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், காய்ந்த துணியை எடுக்க வழியில்லாமல் நிற்பேன். அந்தப் பக்கம் அவர் உதடு அசைவது தெரியும். தேனீயிடம் பேச என்ன இருக்கிறதோ!

ஒரு நாள் என் கழுத்தில் சுருக்கென்று ஒன்று கொட்டியது. வீக்கம் வடிவதற்குள் பூச்சிமருந்து அடிப்பவருக்கு ஃபோன் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றார்.

இவர் சண்டை போடவில்லை. சண்டை போட அவருக்கு நேரம் பிடிக்கும். ஆனால் அந்த ஞாயிறு காலையில் வெளியே போகும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தேனீ வளர்ப்பவர்கள் சங்கம் ஒன்று இருக்கிறதாம், இன்றைக்கு அவர்கள் கூட்டமாம், கொல்லாமல் கூட்டைப் பெட்டிக்கு மாற்றித் தருவார்களாம். நானாக இருந்தால் ஒரே மூச்சில் சொல்லிவிடும் இந்த விஷயத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. கடைசியில், "கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

வாய் விட்டு எதையும் கேட்கிற ஆள் இல்லை அவர். எனக்கு மனசு கேட்கவில்லை. சரி, ஆனால் மருந்துக்காரர் வருவதற்குள் யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மருந்துதான் என்று சொல்லிவிட்டேன். தனியாக அனுப்பினால் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்பதால் நானும் கிளம்பினேன்.

முதல் தடவை ஒரு இடத்துக்குப் போகிறோம், வெறுங்கையை வீசிக்கொண்டா போவது? பஸ் நிறுத்தத்துப் பழக்கடையில் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். இவர் பையைப் பார்த்து, "அது வந்து..." என்று ஆரம்பித்தார். கனமாக இருந்தால் நானே தூக்கிக்கொள்கிறேன் என்று பையை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸும் வந்துவிட்டது.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். முன்பக்கம் பல் பிடுங்கும் அறை, பின்பக்கம் தோட்டம். தோட்டத்து மரத்தடியில் தேனீப் பெட்டிகள், அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். காலியாக இருந்தவை பெட்டிகளுக்குப் பக்கத்து வரிசையில்தான்; அதிலேயே உட்கார்ந்தோம். ஏன் காலியாக இருந்தன என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. புதியவர்கள் பேசுவது கடைசியில் என்று தலைவர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் பெரிய விவகாரம் ஒன்று இருந்தது. தேன் பிழியும் சங்கத்து டிரம்மை யாரோ கழுவாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது நான் இல்லை என்று பேக்கரிக்காரர் எழுந்து சொன்னார். உங்களை யார் சொன்னார்கள் என்று ரிட்டயர்டான கணக்கு டீச்சர் கேட்டார். அப்புறம் டிரம்மில் எறும்பு மொய்த்த விதத்தை ஆளுக்கொரு தினுசாக வர்ணித்தார்கள். ஒரு டிரம்முக்கே இப்படி என்றால் எங்கள் முறை எப்போது வருவது, மருந்துக்காரரை எப்போது நிறுத்துவது?

பசி காதை அடைத்தது. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தேன். இவர் என் முழங்கையைத் தொட்டு, "அது வந்து..." என்றார். பசிக்கிறது, சும்மா இருங்கள் என்றேன்.

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பேன். பெட்டிகளிலிருந்து வந்த ரீங்காரம் மாறியது. ஒன்று என் தலைமுடியில் மோதியது, அப்புறம் நாலைந்து. பல் டாக்டர் காற்றை மோந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"யாருங்க இங்க வாழப்பழம் கொண்டுவந்தது?"

பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. டிரம் விவகாரத்தை அப்படியே விட்டுவிட்டு, சங்கம் மொத்தமும் டாக்டரின் அறைக்குள் ஓடியது. முதலில் நுழைந்தது நான்தான். இவர் மட்டும் நான் போட்டுவிட்டு வந்த பழத்தைப் பொறுக்கி, தோலையும் எடுத்து, பைக்குள் போட்டு, வாயை முடிச்சுப் போட்டார். பிறகு மெஷினுக்கு எண்ணெய் விடுகிற அதே நிதானத்தோடு நடந்து போய், தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். ஒரு தேனீகூட அவரைச் சட்டை பண்ணவில்லை.

கொட்டின தேனீ விட்டுப்போகும் வாசனையும் வாழைப்பழ வாசனையும் மற்றத் தேனீக்களுக்கு ஒன்றுதானாம். சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுமாம். டாக்டர் இதைச் சொல்லி முடித்தபோதுதான் இவர் உள்ளே வந்தார். என்னிடம் குனிந்து, "வாழப்பழ வாசன அதுங்களுக்கு ஆகாது" என்றார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"பழக்கடையிலேயே ஆரம்பிச்சேன்."

பேக்கரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு மானமே போய்விட்டது.

பல் வரிசைப் படம் மாட்டிய அந்த அறையில் கூட்டம் தொடர்ந்தது. எங்கள் முறை வந்தது. இவர் எழுந்தார். "அது வந்து..." என்றார். நின்றார். கூரையைப் பார்த்தார். பழக்கதோஷம், எனக்கு நுனி நாக்கில் முழு வாக்கியமும் வந்து நின்றது. இவர் சொதப்பிவிட்டால் சாயங்காலம் மருந்து அடித்துவிடுவார்கள்; நான் பேசினால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆனால் பழக்கடையில் வெட்டிய பேச்சு கண்முன் வந்து நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு பல் படத்தைப் பார்த்தேன்.

மெதுவாக வந்தது. பெட்டியைச் சொன்னார், மருந்தைச் சொன்னார், இன்றைக்கே என்றும், தானே வளர்க்க ஆசை என்றும் சொன்னார். டாக்டர், கூட்டை எடுத்துத் தன் தோட்டத்தில் வைத்துக்கொள்வதாகவும் அதில் கஷ்டம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அப்புறம் நீங்களே ஏன் வளர்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார்.

இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அதுங்க முன்னாடி உக்காந்தா... நான் பேசி முடிக்கிற வரைக்கும்... யாரும் குறுக்க பேசறதில்லங்க."

அறை முழுக்கச் சிரித்தது. இவரும் அசடு வழியச் சிரித்தார். அவர் சொன்னதில் என்னைக் குற்றம் சொல்லும் தொனியே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கழுத்தில் கொட்டியது இவ்வளவு வலிக்கவில்லை.

வெளியே வந்து மருந்துக்காரருக்கு ஃபோன் போட்டேன். கிளம்பிக்கொண்டிருந்தார். வர வேண்டாம் என்றேன். பூச்சி போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, இனிமேல் அவையும் எங்கள் வீட்டு ஆட்கள்தான் என்றேன். திரும்பி உள்ளே போய், கூடு எங்கள் பால்கனியிலேயே இருக்கட்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்விக்குறி இருந்தது. சொல்ல நேரமாகும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பொழுது சாய்ந்ததும் டாக்டரும் பேக்கரிக்காரரும் மரப்பெட்டியோடு வந்தார்கள். புகை காட்டி, தேனடைகளை ஒவ்வொன்றாக அறுத்து மரச் சட்டத்தில் கட்டி மாற்றினார்கள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர். அவசரப்படாத இப்படி ஒரு கை சங்கத்தில் இல்லை என்றார் பேக்கரிக்காரர். இத்தனை வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த அதே கைதான்.

அவர்கள் போன பிறகு பால்கனியில் இவருக்குப் பக்கத்தில் நானும் ஒரு ஸ்டூலைப் போட்டேன். "அது வந்து..." என்றார். காத்திருந்தேன். கீழே ஒரு பைக் போயிற்று. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. இன்னும் காத்திருந்தேன்.

"சங்கத்துல எப்படியும் நீ குறுக்க பேசுவேன்னு, பாதி வாக்கியம்தான் தயார் பண்ணிட்டு வந்திருந்தேன்" என்றார். "நீ பேசல. மீதி தானா வந்துடுச்சு."