தங்கை காதில் தெரிந்த நூல்

எனக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரி விடைத்த காதுகள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மட்டும் ஆபரேஷன் செய்து காதுகளைப் பின்னால் படியவைத்துக்கொண்டாள். சேலையூர் சொந்தங்கள் எல்லாரும் அவளையே புகழ, எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, காதுக்குப் பின்னாடி ஏதோ குத்துது, பாரேன்" என்றாள். தோலுக்கு வெளியே நூல்முனை தெரிந்தது. "தையலைப் பிரிக்காம விட்டுட்டாங்கடி, இரு" என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

இரும்பு பட்டதும் துள்ளி விலகினாள். "ஐயோ, அது உள்ளயே இருக்கற நூலு, அக்கா! அதுதான் காதைப் பிடிச்சுக்கினு இருக்கு. வெட்டினா பழையபடி ஆயிடும்!"

"மறந்தே போச்சுடி" என்றேன். அன்றே டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, சீழ் பிடிக்கவில்லை; சரிசெய்து அனுப்பினார்.

உண்மையில் நான் மறக்கவில்லை. ஆபரேஷனன்று டாக்டர் அதை என்னிடமும்தான் சொன்னார். இப்போதெல்லாம் அவள் வருகிறாள் என்றாலே, முதலில் கத்தரிக்கோலை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுகிறேன்.