காலிக் கட்டங்களை அழித்த ஞாயிறு

அந்த ஞாயிறு மதியம் மலேசியாவின் கிள்ளானில், கடைவீட்டு மாடி அறையில் இருந்தவர்கள்: சிறுநீரகம் கெட்டு ரத்தம் கழுவப் போகும் நோயாளிகளுக்கு வேன் ஏற்பாடு செய்யும் அக்கா. மறுநாள் முதல் வேன் ஓட்டப் போகும் புது டிரைவர். நான்.

முப்பது வருஷம் லோரி ஓட்டினேன். முதுகு போன பிறகு அங்கே பட்டியல் பார்க்கிற வேலை. பட்டியல் இணையத்தில் ஒரு ஷீட். முதல் பத்தியில் பெயர், அடுத்து வீட்டு முகவரி, அடுத்து நேரம். டிரைவர் கைபேசியில் அதைப் பார்த்துத்தான் ஆள் ஏற்றுவார்.

நோயாளி யாராவது தவறிவிட்டால் அக்கா அந்த வரியை எடுக்க மாட்டார். பெயரை மட்டும் எடுப்பார். முகவரி அப்படியே கிடக்கும். முழுக்க அழிக்க அவருக்குக் கை வராது. பழைய டிரைவருக்கு எல்லா வீடும் பழக்கம். காலியாக இருந்தால் தாண்டிப் போய்விடுவார். அப்போது நான்கு பெயர்க் கட்டம் காலி.

புது ஆள் குழம்புவார் என்று நான் சுத்தம் செய்யப் புறப்பட்டேன். கையால் செய்தால் ஐந்து நிமிஷம். எனக்குப் பெருமை வேண்டியிருந்தது. கைபேசியில் ஏஐயைக் கேட்டேன். பெயர்ப் பத்தியில் காலிக் கட்டங்களை அழிக்க ஒரு கணினிக் கோட் எழுதிக் கொடு என்றேன். கொடுத்தது. ஷீட்டில் ஒட்டி ஓட விட்டேன்.

"அண்ணே, கோட்லாம் போடுறீங்க. பெரிய கம்பெனிக்காரன் தூக்கிட்டுப் போயிடப் போறான் லா," என்றார் டிரைவர்.

"ஸ்டாண்டர்ட் சிக்ஸோட நின்ன ஆளு. பாத்துக்க," என்றேன்.

அக்கா சிரித்தார். "முதல்ல சரியா இருக்கான்னு பாருங்கண்ணே."

மேலே ஆறு பேரைப் பார்த்தேன். சரியாக இருந்தது. கீழே இறக்கிப் பார்க்கவில்லை.

நான் அழிக்கச் சொன்னது கட்டத்தை. வரியை அல்ல. கட்டம் போனதும் கீழே இருந்த பெயர்கள் மேலே ஏறிவிட்டன. முகவரிகள் நகரவில்லை. ஏழாவது வரியிலிருந்து எல்லாப் பெயரும் வேறு வீட்டில் நின்றது.

திங்கள் காலை டிரைவர் போன் அடித்தார். "அண்ணே, பண்டமாரான்ல நிக்கிறேன். லிஸ்டுல உள்ள ஆன்டி பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். வேற ஒரு அம்மா வந்து வாசக் கேட்டப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. அவங்க வீட்டுக்காரரு போன மாசம் தவறிட்டாராம்."

"வீடு மாறிப் போயிருப்ப. ஒழுங்கா பாரு," என்றேன். டீயைக் குடித்து முடித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, ஆள் வரவில்லை என்று டயாலிசிஸ் சென்டரில் இருந்து போன். அப்போதுதான் ஷீட்டைத் திறந்தேன். புரிந்தது. பழைய பிரதி இணையத்திலேயே இருக்கும். அதைத் திரும்ப எடுத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

டிரைவர் மற்றவர்களைத் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சென்டரில் அந்த ஆன்டியின் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரத்தம் கழுவாததால் மறுநாள் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இரண்டு பேர் பிடித்துத்தான் வேனில் ஏற்றினார்கள்.

அதற்கு முன்பே, திங்கள் மதியம், அக்கா டிரைவரைக் கூப்பிட்டார்.

"லிஸ்டப் பாத்துப் படிக்கக்கூட தெரியாதா உனக்கு?"

"லிஸ்டுல அப்படித்தான் இருந்துச்சுக்கா." கைபேசியைத் திறந்து நீட்டினார். நான் பழையதைத் திரும்ப வைத்துவிட்டதால் ஷீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த நாட்களில் அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் வேன் ஓட்டினார். நான் வழக்கம்போல் ஷீட் பார்த்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். சனிக்கிழமை அக்காவிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்குக் காலையிலயே."

அக்கா டிரைவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அவர் செமினி ஊரில் வேறு வேலையில் சேர்ந்துவிட்டாராம். திரும்ப வரமாட்டேன் என்றார். "அண்ணன்கிட்ட சொல்லுங்கக்கா, அவருதான்னு எனக்கு அப்பவே தெரியும். சொல்லுவாருன்னு கீழ கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன்."

அக்கா போனை வைத்தார். சுவர்க் காலண்டரில் திங்களில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சனி வரை நகர்த்தினார். நானும் கூடவே எண்ணினேன்.

ஆறு நாள்.