பிள்ளை இல்லாமல் படப்புத்தகம் கிடையாது

பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் தேடிக் கொடுக்கும் வேலைக்கு வருகிறவர்கள், பெரியவர்களோடு மல்லுக்கட்டத் தெம்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் அடிபட்டவர்களும், சொந்தப் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

நான் கிள்ளானில் பிறந்தவன். காலையில் இங்கிலீஷ் பள்ளி, மாலையில் தமிழ் என்று இரண்டையும் படித்துவிட்டுக் கப்பலேறிச் சென்னைக்குப் போனேன். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் வாய்ப்பாடும் பாடப்புத்தகமும் விற்றேன். நாற்பத்தேழு வயதில் திரும்பி வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்து வாசகசாலையில் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு தாள்கூட இல்லை.

அப்போது லண்டனிலிருந்து புதுவகைப் படப்புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. ராஜா ராணிக் கதை கிடையாது. தவளை, கப்பல், எரிமலை என்று உலகத்தில் உள்ளதை உள்ளபடி காட்டும். எழுத்து இங்கிலீஷில் இருக்கும். நான் தமிழில் சீட்டு எழுதி, ஒவ்வொரு படத்தின் கீழும் மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டுவேன். நான் பிள்ளையாக இருந்தபோது இப்படி ஒன்று கையில் கிடைத்திருந்தால் என்று ஒவ்வொரு சீட்டு ஒட்டும்போதும் தோன்றும். காரியதரிசி செல்லையாவிடம் இடம் கேட்டேன். அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகளைக் காட்டினார்.

"மூணு மாசம் தரேன் மாஸ்டர். பிள்ளைங்க வந்தா வெச்சுக்குங்க. வராட்டி பழைய பேப்பர்க் கட்டெல்லாம் அங்கே ஏறிடும்."

திமிங்கலத்தின் பால்

போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலிலிருந்து இறங்கிய முதல் பெட்டியில் பிராணிகள் புத்தகம் ஒன்று இருந்தது. திமிங்கலத்தின் கீழே, ‘இது மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும்’ என்று சீட்டு ஒட்டினேன். சரக்குக் கொட்டகையில் வேலை பார்க்கும் கோவிந்தசாமி, எட்டு வயது மகள் பாக்கியத்துக்காக அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறுவாரம் புத்தகம் திரும்பி வந்தது. திமிங்கலத்தின் கீழே சீட்டைக் காணோம். புரட்டிக்கொண்டே போனால், பசுவின் கீழே இருக்கிறது. வெந்நீர் தொட்டுப் பதமாக உரித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறார். பசு மீன் அல்ல என்று எங்கள் வாசகசாலை உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தசாமி குனிந்து, காதோடு காதாகச் சொன்னார்:

"வேலைப் பளுவுல பக்கம் மாத்தி ஒட்டிட்டீங்க அண்ணே. நல்லவேளை, பிள்ளை பாக்கறதுக்கு முன்னால நான் பாத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லலை."

நீதி இல்லாத தவளை

ரவாங்கிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளி வாத்தியார் ரயிலேறி வந்தார். வகுப்புக்குக் காட்டப் புத்தகம் வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது பிள்ளைகள்! இருப்பதிலேயே நல்லதாகத் தவளைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். முட்டை, வால் முளைத்த குஞ்சு, கால் வருவது, வால் போவது எல்லாம் எட்டே படங்களில் இருந்தன. வாத்தியார் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பின்னட்டையையும் திருப்பிப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் தவளை ஆயிடுது, ஐயா."

"ஆகி?"

"குதிச்சுப் போயிடுது."

"நீதி எங்கே?"

தவளைக்கு நீதி கிடையாது என்று பத்து நிமிஷம் வாதாடினேன். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்தார். முப்பது பிள்ளைகளும் அந்தக் குடையோடு வெளியே போவது போலிருந்தது. சட்டென்று ஒரு சீட்டு எழுதிக் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன்: ‘நீதி: பொறுத்திருந்தால் வால் போகும்.’ இரண்டு தரம் படித்துப் பார்த்தவர், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இப்பத்தான் புத்தகம் மாதிரி இருக்கு. அதுவரைக்கும் வெறும் தவளை லா."

டிரைவரின் பென்சில்

ரயில் எஞ்சின் புத்தகத்தைப் பிள்ளைகள் பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்திருந்தேன். முதலில் எடுத்தவர் டிரைவர் மரியதாஸ். ஐம்பது வயது, பிள்ளைகள் எல்லாம் கல்யாணம் ஆகிக் கிள்ளானில் இருந்தார்கள். புத்தகம் திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சில். வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர் படத்தின் பக்கத்தில் ‘பொய்’ என்று எழுதியிருந்தார். கரி தள்ளுகிறவன் சிரித்துக்கொண்டிருக்கும் படத்துக்குப் பக்கத்தில், ‘இவன் புது ஆள்.’

எழுதியது தப்பு என்று சொல்லப் போனேன். அவர் நடுப்பக்கத்தை விரித்தார். எஞ்சினைக் குறுக்கே அறுத்து, நெருப்பு எங்கே, தண்ணீர் எங்கே, ஆவி எந்த வழியாகப் போகிறது என்று நிறம் நிறமாகக் காட்டிய படம். அதில் மட்டும் ஒரு பென்சில் கோடுகூட இல்லை. விரலை ஆவிக் குழாயின் மேல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே சொன்னார்:

"பதினாறு வருஷமா ஓட்றேன் அண்ணே. உள்ளுக்குள்ள இப்படித்தான் இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

எதிர்வீட்டுப் பிள்ளை

செய்தி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால், பிள்ளைகளுக்காக நான் போட்ட குட்டைப் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க ஆறேழு ஆட்கள் உட்கார்ந்து, டிரைவர் எழுதியது சரியா தப்பா என்று சண்டை. உண்மையான பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு மிச்சமிருந்தது ஆறே வாரம்.

காரியதரிசி ஒருநாள் வந்து பார்த்தார். ஓர் அட்டையில் எழுதி ஆணியடித்தார்: ‘பிள்ளை இல்லாமல் படப்புத்தகம் கிடையாது.’ தொலைந்தது, இனி யாருமே வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையோடு வந்தார்கள். இல்லாதவர்கள் இரவல் வாங்கி வந்தார்கள். மரியதாஸ் இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. யார் பிள்ளை என்று கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"எதிர்வீட்டுப் பிள்ளை அண்ணே. பாலம் எப்படிக் கட்டுறாங்கன்னு பாக்கணும்னு காலையிலேருந்து ஒரே அழுகை."

கடைசிச் சனிக்கிழமை

மூன்று மாதம் முடிகிற அன்று காரியதரிசி சீக்கிரமே வந்து, பழைய பேப்பர்க் கட்டுகளை வாசலில் அடுக்கி வைத்தார். குட்டைப் பெஞ்சைப் பார்த்தார். ஏழு ஆட்கள், பாலம் கட்டும் புத்தகம் ஒன்று. எதிர்வீட்டுப் பிள்ளை யாருடைய மடியிலோ தூங்கிக்கொண்டிருந்தது. "படிக்கிற பிள்ளை எங்கே மாஸ்டர்?" என்றார். முதல் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அலமாரிக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன், தட்டைக் காலி செய்து கொடுக்க.

தட்டுக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. கூட்டி வந்த ஆட்கள் மறந்துவிட்ட பிள்ளைகள் ஆறு பேர் அலமாரிக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். நடுவில் பாக்கியம், எறும்புப் புத்தகத்தின் சீட்டுகளை ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொடிப்பெண் தீப்பெட்டியில் உயிருள்ள எறும்பைக் கொண்டுவந்து, படத்தில் இருக்கிற கால்கள் அதற்கும் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நகருங்க பிள்ளைங்களா" என்றார் காரியதரிசி.

பாக்கியம் தலையைத் தூக்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்க மாமா. ராணி எறும்புக்கு இப்பத்தான் இறக்கை விழப்போவுது."

அவர் நின்றார். தோளில் கட்டு. ஒரு பக்கம் போயிற்று, இரண்டு பக்கம் போயிற்று. இறக்கை விழுந்தது. ராணி குழிக்குள் போய் முட்டையும் இட்டது. காரியதரிசி கட்டை இறக்கித் தரையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தார். புத்தகம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"தட்டு இருக்கட்டும் மாஸ்டர். ஆனா அந்தக் கைக்குழந்தை பேரை மட்டும் உறுப்பினர் பட்டியல்ல எழுதிடாதீங்க."

பிள்ளைகளை வரவழைக்க நான் போட்ட திட்டங்களில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அப்பாக்களுக்குப் படம் பார்க்க ஆசை வந்தது, அதுவே போதுமாயிருந்தது.