மொட்டை மாடியில் ஒரு ராட்சத மிருகம்

அடையாறில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறக்கும்போதே பத்துப் பேராவது வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். சில கைகளில் நரம்பே கிடைக்காது. "போன தடவையும் ரெண்டு வாட்டி குத்தினாங்கம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே தேட வேண்டும். மதியம் மூன்று மணிக்குக் கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறும்போது, முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை யோசிக்கும்.

என் கணவர் பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் பத்தொன்பது வருடம் மென்பொருள் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டு, நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு மாதம் தினமும் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். மூன்றாவது மாதம் சட்டை போய் பனியன் வந்தது. அதற்கப்புறம் மடிக்கணினி மூடியே கிடந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தெம்பு வேண்டும்.

எட்டாவது மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். நடுவில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துச் சின்னச் சின்ன ஜன்னல்களாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னது இது?"

"பில்டிங்" என்றார்.

அவர் மயிலாப்பூரில் வளர்ந்தவர். அவர்கள் தெருவில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்ததாம். கடைக்காரருக்குச் சிங்கப்பூரிலிருந்து யாரோ ஒரு பை நிறைய ஜப்பான்காரர்களின் தொடர்களைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மொழி புரியாததால் யாரும் எடுக்க மாட்டார்கள். அதனால் இவருக்கும் இவருடைய நண்பருக்கும் சும்மாவே கொடுத்துவிடுவாராம். ஒவ்வொரு கதையிலும் கடலிலிருந்தோ மலைக்குள்ளிருந்தோ ஒரு ராட்சத மிருகம் கிளம்பி வந்து ஊரை மிதிக்கும். கட்டட உயரத்துக்கு ஒரு வீரன் வந்து அதோடு கட்டிப் புரள்வான். மிருகம் என்பது ரப்பர் உடைக்குள் இருக்கிற ஆள்தான், இடிவது அட்டைதான் என்று பார்த்தவுடனே தெரியும். "தெரியறதுதான் அதுல அழகே" என்று இவர் சொல்வார். கல்யாணமான புதிதிலும் இதைச் சொல்லியிருக்கிறார். நான் கேட்டுக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன்.

அந்த மாதிரி ஒரு படத்தை இவர்கள் இருவரும் எடுக்கப்போகிறார்கள் என்று அன்று தெரிந்தது. அந்தப் பழைய நண்பர் இப்போது தி.நகரில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறார். தெர்மாகோலில் யானை, மயில் எதை வேண்டுமானாலும் செதுக்கிவிடுவார். உடம்பும் கனத்த உடம்பு. எனவே அவர்தான் மிருகம். வெள்ளி உடை போட்ட வீரன் என் கணவர். ஃபோனைப் பிடித்துப் படம் எடுக்க வேண்டியது நான். பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகையிலிருந்து மிருகம் பிறக்கிறது, ஓ.எம்.ஆர். சாலை வழியாக நடந்து ஊருக்குள் வருகிறது. கதை அவ்வளவுதான்.

நகரம் மொட்டை மாடிக்கு ஏறியது. பறக்கும் ரயில் நிலையம், மேம்பாலம், தி.நகர் துணிக்கடை ஒன்றின் ஐந்து மாடி, தண்ணீர்த் தொட்டி. எல்லாம் என் இடுப்பு உயரம். கபாலீஸ்வரர் கோபுரத்தைச் செய்யலாமா என்று நண்பர் கேட்டதற்கு, "அத எவன் இடிக்கறது? வேணாம்" என்று கணவர் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு கண்ணாடிக் கட்டடம் செய்ய ஆரம்பித்தார். எந்தக் கட்டடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் நிலையத்தில் யாரும் வாங்க வராமல் வருடக்கணக்காகக் கிடந்த எக்ஸ்ரே படங்களைக் குப்பையில் போடப்போகிறார்கள் என்று ஒரு நாள் சொல்லியிருந்தேன். அவற்றைக் கேட்டார். மேலாளரிடம் சொல்லிவிட்டு ஒரு கட்டு எடுத்து வந்தேன். பெயர் இருந்த ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் கண்ணாடியாக ஒட்டினார். வெயில் பட்டால் நான்காவது மாடியில் யாருடைய விலா எலும்போ தெரியும். அந்த ஒரு கட்டடத்துக்கே மூன்று வாரம் ஆயிற்று.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம், துணி எடுக்க மாடிக்குப் போனவள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஒண்ணு சொல்லுங்க. இதெல்லாம் எதுக்கு?"

விரல்களில் காய்ந்திருந்த பசையை உரித்தார். "தெரியல. கை சும்மா இருந்தா தலை ஓடுது. நிக்கவே மாட்டேங்குது."

துணியை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

படப்பிடிப்பை எனக்கு விடுமுறை உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வைத்திருந்தார்கள். வெயில் சாய்வாக விழுந்தால்தான் அட்டைக் கட்டடம் பெரிதாகத் தெரியுமாம். நண்பர் ஏழரைக்கு வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் ஏறி வந்தார். சட்டைக்கு மேல் அகலமான இடுப்பு பெல்ட்.

"மச்சி, நேத்து மண்டபத்துல தூண தூக்கிக்கினு போனேன்டா. பட்டுனு புடிச்சிக்கிச்சு. ஒரு மாசம் குனியவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

"ஃபோன் பண்ணியிருக்கலாமேடா."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் நேர்ல வந்துட்டேன்."

மிருகத்தின் உடை துணிக்கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஃபோம் மெத்தையும் யோகா மேட்டும் வெட்டி ஒட்டிப் பச்சையும் கறுப்புமாகச் சாயம் பூசியது. தலை, மூங்கில் கூடைமேல் காகிதக்கூழ். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் வெள்ளி உடையில் இருந்தார். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிகளுக்கு வாடகைக்கு விடும் கடையில் தலைக்கவசத்தோடு எடுத்தது. வயிற்றுப் பக்கம் நான் துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். சுவரோரம் போய் உட்கார்ந்து ஒரு கையுறையை மெதுவாகக் கழற்றினார். அந்த வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் அப்படித்தான்.

"நான் போட்டுக்கறேன்" என்றேன்.

"உனக்கு முட்டி வலி."

"மிருகத்துக்கும் முட்டி வலி இருந்துட்டுப் போகட்டும்."

நண்பர் சிரிக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார், "அண்ணி, உள்ள செம சூடு கீது. நிமிஷத்துக்கு ஒரு தபா தலையக் கழட்டிடுங்க. வீம்பு புடிக்காதீங்க." பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனை அவர் வாங்கிக்கொண்டார்.

உடை எனக்குத் தொளதொளவென்று இருந்தது. இரண்டு தலையணையை வயிற்றிலும் முதுகிலும் கட்டினார்கள். மிருகத்தின் வாய்க்குள் இருந்த வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். பசை வாசனை, என் மூச்சின் சத்தம், வேறொன்றும் இல்லை. வெளியே அவர்கள் பேசுவது பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டது. யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. சிரித்துப் பேச வேண்டியதில்லை. எவ்வளவு நாளாயிற்று அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

"நட. மெதுவா. நீ ரொம்ப கனம், அத மறந்துடாத" என்றார் கணவர்.

அதை நடிக்க வேண்டியிருக்கவில்லை. ரயில் நிலையத்தை மிதித்தேன். மேம்பாலத்தை இரண்டாக ஒடித்தேன். துணிக்கடை ஒரே தள்ளில் விழுந்தது. வாயைத் திறந்து கத்துவது போல் தலையை ஆட்டினால் போதும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் மேம்பாலம் ஒடிந்தபோது எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினேன். வார்த்தை ஒன்றும் இல்லை. மூச்சு தீரும்வரை கத்தினேன். கீழ் வீட்டு ஜன்னல் ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, சூப்பரா கீது. அப்டியே போங்க" என்றார் நண்பர்.

அடுத்தது கண்ணாடிக் கட்டடம். உதைத்தேன். அசையவில்லை. கையால் அடித்தேன். ஒரு எக்ஸ்ரே படம் மட்டும் உரிந்து தொங்கியது. உள்ளே மரச்சட்டம் வைத்து, மூலைக்கு மூலை ஆணி அடித்திருக்கிறார். இடிப்பதற்காகச் செய்ததை அப்படியா கட்டுவார்கள்? மூன்றாவது தடவை ஓங்கி உதைத்ததில் கால் பெருவிரல் சுரீரென்றது. அப்படியே நின்றுவிட்டேன்.

கதைப்படி மிருகம் அந்தக் கட்டடத்தை இடித்த பிறகுதான் வீரன் வர வேண்டும். ஆனால் வலையின் ஓரத்தில் வெள்ளியாக ஏதோ தெரிந்தது. அவர் என்னைத் தாண்டிப் போனார். என்னைத் தொடக்கூட இல்லை. கட்டடத்தை ஒரு உதை விட்டார். மறுபடி ஒன்று. பிறகு இரண்டு கையாலும் உச்சியைப் பிடித்து இழுத்தார். ஆணிகள் கிறீச்சிட்டன.

"மச்சி, ஹீரோவே இடிச்சா எப்பட்றா?" என்றார் நண்பர். ஆனால் ஃபோனைக் கீழே வைக்கவில்லை.

நானும் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தனியாக அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேருமாக இழுத்தோம். சட்டம் முறிந்து, கட்டடம் பக்கவாட்டில் சரிந்தது. அவர் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். தலைக்கவசத்துக்கு உள்ளிருந்து மூச்சு வாங்குவது கேட்டது.

நான் கூடைத் தலையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வால் இடைஞ்சலாக இருந்தது.

"ஆறாவது மாடி, மூலை சீட்டு. அந்த எடத்துல மட்டும் ரெண்டு சட்டம் வெச்சேன்" என்றார்.

"எதுக்கு?"

"விழக் கூடாதுன்னு தோணிச்சு."

அவர் அழுதாரா என்று தெரியாது. கவசத்தைக் கழற்றவில்லை. நண்பர் தண்ணீர் பாட்டிலை நீட்ட முயன்று, எழ முடியாமல், உருட்டிவிட்டார்.

அதற்கப்புறமும் சண்டைக் காட்சி மிச்சமிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் அவசரமாக எடுத்தார்கள். வீரன் என்னைத் தூக்கி எறிய வேண்டும் என்பது திட்டம். தோளில் ஒரு தட்டுத் தட்டினார், நானாகவே கீழே விரித்திருந்த மெத்தையில் விழுந்தேன். விழுந்த இடம் நன்றாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழல்.

"அண்ணி, கட் சொல்ட்டேன்" என்றார் நண்பர்.

"கேட்டுச்சு."

"எழுந்துக்கலியா?"

"கொஞ்ச நேரம் ஆகட்டும்."

இரண்டு பேரும் என்னை எழுப்பவில்லை. இடிபாடுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, கீழே போய் டீ போட்டு எடுத்து வந்தார் என் கணவர். அத்தனை மாதத்தில் அவர் போட்ட டீக்களில் அதில்தான் சர்க்கரை சரியாக இருந்தது.

படத்தைச் சேர்த்து முடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. பதினொரு நிமிடம். வீரன் கட்டடத்தை இடிக்கும் பகுதியை வெட்டிவிடலாம் என்றார். மகள் ஃபோனில், "அத எடுத்துட்டா நான் பாக்கவே மாட்டேன்ப்பா" என்றாள். அதனால் இருந்தது. இணையத்தில் போட்டார்கள். அதிகம் பேர் பார்க்கவில்லை. பார்த்த சிலர் வீரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று எழுதினார்கள். ஜப்பானிலிருந்து யாரோ ஒருவர் அவர்கள் மொழியில் இரண்டு வரி எழுதியிருந்தார். ஃபோனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தோம். இந்த மிருகம் மிகவும் களைத்திருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று வந்தது. கணவர் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சரி என்றேன். மறுநாள் பேருந்தில் போகும்போது அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். அவருக்கும் எங்காவது காலையில் எழுந்து போக வேண்டியிருக்கும்.

குடியிருப்புச் சங்கத்தில் மழைக்கு முன்னால் மாடியைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு ஞாயிறு மூட்டை மூட்டையாக இறக்கினோம். குப்பை வண்டியில் வந்த பெண், அடையாளம் தெரியாமல் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மெத்தையா?" என்றாள். மெத்தைதான் என்றேன்.

தையில் அவருக்கு ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பழைய வேலைக்கு இரண்டு படி கீழே. அவரை விடப் பதினைந்து வயது சின்னவர் மேலதிகாரி. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் சவரம் செய்கிறார். சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் உலை வைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். பெரும்பாலும் நான்தான் முதலில் வருகிறேன்.