ரெங்கத்தில் நான் வாங்காத பொன்னாடை

தொலைக்காட்சிக்கு அரசியல் செய்தி சேகரிக்கப் போய் நான் முதலில் கற்றுக்கொண்டது, பொன்னாடையிடமிருந்து தப்பிப்பது. நம்ம தமிழ் ஆளுங்க கூட்டத்துக்குக் கேமராவோடு போனால் போதும், அமைச்சருக்குப் போட்ட கையோடு நமக்கும் ஒன்றைப் போர்த்திவிடுவார்கள். அந்தத் தோளோடு போய் அதே அமைச்சரிடம், "சொன்னீங்களே, ஏன் செய்யல?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு வாய் வராது. அதனால் எந்த மேடையில் கூப்பிட்டாலும் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

எங்கள் ஊர் ரெங்கத்தில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. அங்கே மைக் பிடித்திருந்தவர் என் அப்பா.

தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இன்னும் இருக்கிற குடும்பங்களுக்கு வீட்டு மனை தருவதாகப் போன தேர்தலில் சொன்ன துணையமைச்சர் அன்று வந்திருந்தார். அவர் பேச்சை நம்பி, வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி வந்தவரும் அப்பாதான். மனை என்னாச்சு என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன்.

"டிவியில வர்ற என் மக! மேடைக்கு வாம்மா!"

ஒரே கைத்தட்டல். அப்பா கையில் மஞ்சள் பொன்னாடை, முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக ஒரு தடவை வாங்கிக்கொண்டால்தான் என்ன என்று தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். என் மலாய்க்காரக் கேமராமேன் வேறு, "அலமாக், காக், அப்பா கூப்பிடுறாரு லா" என்று மலாயில் அக்கா போட்டுத் தோளைத் தள்ளினார்.

எழுந்தேன். ஏறாமல் கீழேயே நின்று, "மன்னிச்சிடுங்கப்பா, வேலையில இருக்கேன்" என்றேன்.

அப்பா பொன்னாடையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

துணையமைச்சர் காருக்குப் போகும்போது மறித்து, அவர் பட்டத்தைச் சொல்லியே கூப்பிட்டேன். "டத்தோ, லயத்துக்காரங்களுக்கு மனை தர்றேன்னு இங்கதான் சொன்னீங்க. எப்போ?"

"முதல்ல சாப்பிடுங்கம்மா" என்று சிரித்தார். மறுபடி கேட்டேன். பார்க்கலாம் என்றார். மூன்றாம் தடவை கேட்பதற்குள் கார்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்டாமல் அப்படியே மாலைச் செய்தியில் போட்டோம்.

"பெத்தவன சபையில அவமானப்படுத்திட்டா" என்று அம்மாவிடம் சொல்லி அப்பா அழுதாராம். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நானும்தான் அழுதேன். ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

சில வாரம் கழித்து அப்பாவிடமிருந்து போன். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"லயத்துல எல்லாரும் என்னத்தான் கேக்குறாங்க, பேரு எழுதிக்கிட்டுப் போனீங்களே, என்னாச்சுன்னு. அந்த ஆளு சனிக்கிழம மறுபடி வர்றாராம். கேமராவோட வந்துடு. முன்வரிசையில நாற்காலி போட்டு வைக்கிறேன்."

என் வாய் சும்மா இருக்குமா? "பொன்னாடை?" என்றேன்.

"இந்தத் தடவ யாருக்கும் கிடையாது."