உம்மா ஓதி ஊதிய லென்ஸ்

சாய்ந்தமருதில் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள் பஸ்லியா. அவள் கெமராவோடு புறப்படும் ஒவ்வொரு முறையும் உம்மா கண்ணேறு படாமலிருக்கக் குர்ஆன் வசனம் ஓதி, லென்ஸின் மேலேயே ஊதிவிடுவார். எச்சில் தெறிக்கும்.

"உம்மா, என்ட தலையில ஊதுங்க! கண்ணாடியில ஊதாதீங்க!" என்று எரிந்து விழுவாள்.

"படம் புடிக்கிறது உன்ட தலையா மகள்? இதுதானே!"

பஸ்லியா முணுமுணுத்துக்கொண்டே காற்றூதும் ரப்பர் குமிழை அமுக்கி, முதலில் லென்ஸில் ஒட்டியிருக்கும் கடற்கரை மணலைப் பறக்கவிடுவாள். மணலோடு துடைத்தால் கண்ணாடி கீறிவிடும். பிறகு மெல்லிய துணியில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு, நடுவிலிருந்து வட்டமாக வெளியே துடைப்பாள்.

உம்மா மவுத்தாகி, அடக்கம் பண்ணி இரண்டு வருடம். இன்றும் புறப்படும்முன் லென்ஸைத் திறந்து பார்த்தாள். நேற்றுத் துடைத்து வைத்தபடியே பளபளத்தது. அந்தச் சுத்தத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.