நாள் தவறாத இந்திராணி

மிளகாய்ச் சம்பலைச் சோற்றின் மேல் ஊற்றமாட்டார் இந்திராணி. பக்கத்தில்தான் வைப்பார். "மேல ஊத்துனா சோறு நசநசன்னு ஆயிரும்லா" என்பார். பிறகு நெத்திலி, கடலை, பாதி முட்டை. பேசிக்கொண்டே வாழையிலையை மடிப்பார். மலேசியாவின் தைப்பிங் ஊர்க் காலைச் சந்தையில் அவர் கடை நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நாற்பது தாண்டியவர். வாய் கொஞ்சம் அதிகம். மாதத்தில் ஒருநாள் கடை கிடையாது. அன்று தலைக்குக் குளித்து, நல்ல பஞ்சாபி உடை போட்டு, பவுடர் பூசி மனநோய் கிளினிக்குக்குப் போவார். அதில் ஒளிவுமறைவே இல்லை. புருஷன் விபத்தில் இறந்தபோது இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, சுவரோடு பேச்சு. மாத்திரைதான் எழுப்பி உட்கார வைத்தது. யாராவது பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஊர்ப் பெயரைச் சொல்லி, "என்னாக்கா, தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்று வம்பிழுத்தால், "ஆமாடா, ஒனக்கும் ஒரு கட்டில் சொல்லி வெக்கவா?" என்று திருப்பிக் கொடுப்பார்.

மகள் லோஷினிக்குப் பதினாலு வயது, இரண்டாம் படிவம் படிக்கிறாள். அம்மாவை விட்டால் அவளுக்கு நாதியில்லை. "நான் மண்டயப் போட்டா இது தெருவுல நிக்கும்." இந்திராணிக்கு உலகத்தில் இருக்கும் ஒரே பயம் அதுதான். அதனால்தான், தான் போனாலும் மகளுக்குப் பணம் வரட்டும் என்று ஆயுள் காப்புறுதி எடுக்கக் கிளம்பினார்.

காப்புறுதி முகவர் தனபாலன் சந்தைக் காப்பிக்கடையிலேயே விண்ணப்பப் பாரத்தை விரித்தார். இந்திராணியிடம் வாடிக்கையாகப் பொட்டலம் வாங்கும் நானும் பக்கத்தில் இருந்தேன். நோய்க் கேள்விகளை வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக்கொண்டு போவது அவர் வழக்கம். இந்திராணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க தம்பி. நம்மகிட்ட எல்லாம் ஒழுங்கா இருக்கு." பையிலிருந்து ஒரு கட்டு கிளினிக் அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "பாருங்க, ஒரு மாசம் வுட்டதில்ல. டாக்டரே மத்தவங்களுக்கு என்னயக் காட்டித்தான் சொல்வாரு."

நாள் தவறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறார்களே, அந்த மாதிரி தனக்கும் ஏதாவது சலுகை உண்டென்று பாவம் நம்பியிருக்கிறார்.

தனபாலன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா! இத யாரு கொண்டாரச் சொன்னா? நான் பாக்கவே இல்ல, உள்ள வைங்க."

"பொய் சொல்லி எடுத்தா, நாளக்கி எம்புள்ளைக்குக் காசு வருமா?"

தனபாலன் காப்பியைக் கலக்கினார். "தோண்டிப் பாத்தாங்கன்னா வராதுக்கா."

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார்கள். இரண்டு கம்பெனிகள் முடியாது என்றன. மூன்றாவது சரி என்றது. ஆனால் மாதாமாதம் அது கேட்ட பணம் கடை வாடகையைவிட அதிகம். அதே வாரம் கோழிக்கடைச் சின்னையாவுக்குக் காப்புறுதி கிடைத்தது. கோபம் வந்தால் கத்தியை வீசுகிற மனுஷன் அவர். கடைக்குப் பின்னால் சுவரில் தலையை முட்டி அழுததை நானே பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போனதே இல்லை, ஆகவே நோயும் இல்லை!

"கிளினிக்க வுட்டுருங்கக்கா. கொஞ்ச வருசம் கழிச்சுக் கேட்டுப் பாப்போம்" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"மாத்தரைய வுட்டா அதுவரைக்கும் நான் இருக்கணுமே" என்றார் இந்திராணி. அடுத்த மாதமும் பவுடர் பூசிக்கொண்டு கிளம்பினார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. வம்பிழுத்தவர்களுக்கும் பதில் வரவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போன சனிக்கிழமை போனபோது, கடையில் லோஷினி மட்டும் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் சம்பல், கண்ணில் தண்ணீர். அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன். பார்த்தால், வரிசையில் எனக்கு முன்னால் இந்திராணியே நிற்கிறார்.

"என்ன விளையாட்டு இது?" என்றேன்.

"சத்தம் போடாதீங்க. நான் செத்துட்டேன்னு வெச்சிக்கிட்டு, புள்ள தனியா சமாளிக்குதான்னு பாக்கறேன்."

அவர் முறை வந்தது.

"வெளாடாதம்மா... வந்து ஒக்காரும்மா" என்று அழுதாள் லோஷினி.

இந்திராணி யாரோ மூன்றாம் மனுஷி போல முகத்தை வைத்துக்கொண்டார். "ஒரு பொட்டலம் குடு தங்கச்சி" என்று காசை நீட்டினார். மகள் வாங்கவில்லை. அவர் கையை இறக்கவும் இல்லை.